இல்லாத நிலத்துக்குப் பட்டா, பறந்து வந்த பந்துக்கு வரி... தெரியுமா?

300 டாலர் கொடுத்து ஒருவர் நிலம் வாங்கினார். அதில் நாற்று நட முடியாது, வேலி போட முடியாது, காலைக்கூட வைக்க முடியாது. ஏனென்றால் அந்த நிலம் பூமியிலேயே இல்லை! இருந்தும் அது பறிபோனபோது அவர் கோர்ட் படியேறினார், கோர்ட்டும் வழக்கை எடுத்துக்கொண்டது. தெரியுமா?

அவர் ஏமாந்த சோணகிரி இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் தொழில் நடத்திய வக்கீல், பெயர் மார்க் பிராக். நிலம் இருந்த இடம் 'செகண்ட் லைஃப்'. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த லிண்டன் லேப் நிறுவனம் 2003-ல் திறந்துவிட்ட இணைய உலகம் அது. உள்ளே போய் ஓர் உருவம் எடுத்துக்கொள்ளலாம், வீடு கட்டலாம், கடை போடலாம், அங்கே சேர்த்த 'லிண்டன் டாலரை' அசல் டாலராகவே மாற்றிக்கொள்ளலாம். பிராக் அங்கே மனைமனையாக வாங்கிப் போட்டார். கணினியிலேயே வாணவேடிக்கை செய்து, உலவ வந்தவர்களுக்கு விற்று லாபமும் பார்த்தார். அதைவிட வேடிக்கை, அந்த இல்லாத நிலத்துக்காக நிறுவனத்துக்கு அசல் பணத்தில் 'வரி'யும் கட்டினார்!

2006 ஏப்ரல் 30-ல் 'டேஸாட்' என்ற மனையை 300 டாலருக்கு எடுத்தார். ஏல முறையில் இருந்த ஓர் ஓட்டை வழியாகப் புகுந்து வாங்கிவிட்டார் என்று நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மனை போயிற்று. அதோடு விட்டார்களா? கணக்கையே முடக்கினார்கள். மற்ற மனைகள், பொருட்கள், கையிருப்புப் பணம் எல்லாம் ஒரே வீச்சில் ஜப்தி! நோட்டீஸ் இல்லை, விசாரணை இல்லை, தண்டோரா இல்லை.

வக்கீல் வீட்டிலேயே கை வைத்தால் சும்மா இருப்பாரா? வழக்குப் போட்டார். நிறுவனம் உடனே விதிமுறைப் பக்கத்தை நீட்டியது. தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகக் கூடாது, சான் பிரான்சிஸ்கோவில் நடுவர்களிடம்தான் போக வேண்டும் என்று அதில் இருந்தது. சேரும்போது 'ஐ அக்ரீ' பொத்தானை அமுக்கியவர்தானே பிராக்! ஆனால் 2007 மே 30-ல் ஃபெடரல் நீதிபதி எட்வர்டோ ராப்ரீனோ அந்த விதியைத் தூக்கிப் போட்டார். நிறுவனத்துக்கு மட்டும் சாதகமாக, வாடிக்கையாளர் தாங்க முடியாத செலவு வைக்கும் விதி செல்லாது என்றார். நிலம் மாயமாக இருக்கலாம், சண்டை நிஜம் என்பதுதான் அவர் பார்வையின் சாரம். பொத்தானை அமுக்கிவிட்டால் எல்லாம் போச்சு என்று நினைத்திருந்த உலகத்துக்கு அது அதிர்ச்சி வைத்தியம். அதே ஆண்டு அக்டோபரில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. அதனால் இல்லாத நிலம் சொத்தா இல்லையா என்ற மூலக் கேள்விக்கு மட்டும் பதில் வரவே இல்லை. வக்கீல்களுக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா! பதில் வராத கேள்வியில்தானே அவர்கள் பிழைப்பு ஓடுகிறது.

இந்த மாய உலகங்களில் எவ்வளவு பணம் புரண்டது தெரியுமா? 2001-ல் எட்வர்ட் காஸ்ட்ரனோவா என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் 'எவர்குவெஸ்ட்' விளையாட்டுக்குள் இருக்கும் நோராத் என்ற கற்பனை நாட்டுக்குத் தனிநபர் உற்பத்திக் கணக்கே போட்டார். தலைக்கு 2,266 டாலர் வந்தது! அன்றைய ரஷ்யாவுக்குப் பக்கத்தில் நிற்கும் எண். அங்கே அரக்கர்களை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் ஒரு மணி நேரத்தில் 3 டாலர் 42 சென்ட் மதிப்புள்ள செல்வத்தை உண்டாக்குகிறார் என்றும் கணக்கிட்டார். சும்மா விளையாடவில்லை, சம்பாதிக்கிறார்கள்!

ஸ்வீடன் நாட்டு 'என்ட்ரோபியா' உலகத்தில் 2004-ல் ஒரு தீவு 26,500 டாலருக்குப் போனது. மறு ஆண்டு ஜான் ஜேக்கப்ஸ் என்பவர் சொந்த வீட்டை அடமானம் வைத்து, அங்கே ஒரு சிறுகோள் கேளிக்கை விடுதியை 1 லட்சம் டாலருக்கு வாங்கினார். 2010-ல் அதைப் பிரித்து விற்றார். கிடைத்தது 6,35,000 டாலர்! நம்மூர் ரியல் எஸ்டேட் புரோக்கர்களே மூக்கில் விரல் வைக்கும் லாபம். அந்த விளையாட்டை நடத்திய மைண்ட்ஆர்க் நிறுவனத்துக்கு 2009-ல் ஸ்வீடன் அரசு வங்கி உரிமமே கொடுத்தது என்றால் பாருங்களேன்.

இன்னொன்று கேளுங்கள். மாய உலகத்துக்குள்ளேயே ஒரு வரிப் புரட்சி வெடித்தது தெரியுமா? 2003-ல் செகண்ட் லைஃபில் ஒருவர் எத்தனை பொருள் கட்டி வைத்தாரோ அத்தனைக்கும் நிறுவனம் வரி போட்டது. அழகான ஊரை எழுப்பியவருக்குப் பெரிய வரி, வெறுந்தரையாக விட்டவருக்கு ஒன்றுமில்லை. கட்டியவர்கள் பொங்கிவிட்டார்கள். அமெரிக்கப் புரட்சிக்கு வித்திட்ட பாஸ்டன் தேயிலைக் கலகத்தை அப்படியே நடித்துக் காட்டினார்கள். திரும்பிய பக்கமெல்லாம் தேயிலைப் பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன, கண்டனப் பலகைகள் முளைத்தன. நிறுவனம் பணிந்தது. பொருள் வரி ஒழிந்தது, கட்டணம் நிலத்தின் பக்கம் போனது. அந்த ஆண்டின் இறுதியில், உள்ளே ஒருவர் உருவாக்கும் பொருளின் அறிவுசார் சொத்துரிமை அவருக்கே என்றும் அறிவித்தார்கள். வரிக் கோபத்தில் தொடங்கியது உரிமையில் போய் நின்றது.

சரி, அது விளையாட்டுக்குள் இருக்கும் வரி. அசல் வருமான வரிக்காரர் வந்தால்? அரக்கனை வெட்டுகிறீர்கள், பொன் வாள் கிடைக்கிறது. சந்தையில் அதற்கு 500 டாலர் விலை. வாள் கைக்கு வந்த அந்த நொடியே அது வருமானமா, விற்றால்தான் வருமானமா?

சிரிக்காதீர்கள். அமெரிக்க வரிச் சட்டத்தில் இதற்கு ஒரு பழைய பியானோ இருக்கிறது! ஒஹாயோ மாநிலத்துத் தம்பதி 1957-ல் ஏலத்தில் 15 டாலருக்குப் பழைய பியானோ வாங்கினார்கள். ஏழு வருடம் கழித்து அதைச் சுத்தம் செய்யும்போது உள்ளேயிருந்து 4,467 டாலர் பழைய நோட்டுகள் வந்து விழுந்தன. வரியைக் கட்டிவிட்டு, அப்புறம் இது வருமானமே இல்லை என்று திருப்பிக் கேட்டார்கள். 1969-ல் கோர்ட் கையை விரித்துவிட்டது. புதையல் கிடைத்தால் கிடைத்த ஆண்டிலேயே அது வருமானம்! இந்தத் தீர்ப்பைத்தான் மாய உலக வரி வக்கீல்கள் கனவிலும் கண்டு பயந்தார்கள். பியானோவுக்குள் இருந்த நோட்டுக்கு வரி என்றால், அரக்கன் வயிற்றிலிருந்து விழுந்த வாளுக்கும் வரிதானே?

அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பேஸ்பால் பந்து இருக்கிறது. 1998-ல் மார்க் மெக்வையர் 62-வது ஹோம் ரன் அடித்து சாதனை படைக்கப்போகிறார் என்று நாடே காத்திருந்தது. பந்து வந்து விழும் இடத்தில் இருக்கும் ரசிகர், பெருந்தன்மையாக அதை அவரிடமே திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யாரோ கேட்க, அன்பளிப்பு வரி வரலாம் என்று வருமான வரித் துறையிலிருந்து பதில் வந்துவிட்டது. விடுவார்களா? ஒரே கூச்சல். துறையின் தலைவர் சார்லஸ் ரொசோட்டியே இறங்கி வந்து, உடனே திருப்பிக் கொடுத்தால் வரி கிடையாது என்று விளக்கம் தர வேண்டியதாயிற்று. சட்டம் ஒரு பக்கம், ஊர் நியாயம் ஒரு பக்கம். வரி அதிகாரியும் கடைசியில் ஊரோடுதான் ஒத்துப்போக வேண்டியிருக்கிறது!

இந்தப் பியானோவுக்கும் பந்துக்கும் நடுவில் வழி தேடியே பெயர் வாங்கியவர்கள் உண்டு. பிரையன் கேம்ப் முன்னாளில் அமெரிக்க வருமான வரித் துறையின் தலைமைச் சட்ட அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பிறகு டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர் ஆனார். வரி வசூலிக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், 2007-ல் எழுதிய ஆய்வில் விளையாடுகிறவர்கள் பக்கம் நின்றார். உள்ளே எத்தனை வாள் சேர்த்தாலும் வரி வேண்டாம், அசல் பணமாக வெளியே எடுக்கும்போது பிடித்துக்கொள்ளுங்கள் என்பது அவர் வாதம். அதே ஆண்டில் இண்டியானா பல்கலைக்கழகத்தின் லியாண்ட்ரா லெடர்மன் வேறு கோடு போட்டார். அரக்கனை வெட்டும் விளையாட்டு என்றால் விட்டுவிடலாம், ஆனால் செகண்ட் லைஃப் மாதிரி வியாபாரத்துக்கென்றே திறந்த உலகத்தில் உள்ளே நடக்கும் விற்பனைக்கும் வரி உண்டு என்றார். எனக்குக் கேம்ப் கட்சிதான் பிடிக்கிறது. கையில் காசே வராத ஆளிடம் காசு கேட்பது எந்த ஊர் நியாயம்?

இதற்கும் முன்பே 2005-ல் ஜோஷுவா ஃபேர்ஃபீல்ட் என்ற சட்டப் பேராசிரியர், இந்தக் கணினிப் பொருட்கள் நிலத்தைப் போலவே நடந்துகொள்கின்றன என்று எழுதினார். ஒருவர் வைத்திருந்தால் இன்னொருவர் வைத்திருக்க முடியாது, கணினியை அணைத்தாலும் அழியாது, மற்றவர்கள் வந்து பார்க்கலாம், தொடலாம், வாங்கலாம். அப்புறம் ஏன் இது சொத்து இல்லை? 2008-ல் பெஞ்சமின் டுரான்ஸ்கி எழுதிய 'விர்ச்சுவல் லா' என்ற நூலை அமெரிக்க வழக்கறிஞர் சங்கமே வெளியிட்டது. செகண்ட் லைஃபுக்குள்ளேயே ஒரு வக்கீல் சங்கத்தைத் தொடங்கியவரும் அவர்தான்! போர்ச்சுகல் அரசின் நீதித் துறை 2007-ல் அந்த உலகத்துக்குள் சமரச மையம் திறந்ததும் நிஜம்.

இப்படி ஒரு வக்கீல் முன்னால் கட்சிக்காரர் வந்து உட்கார்ந்தால் என்ன கேட்பார்? நம்மூர் நில வக்கீல் தாய்ப் பத்திரத்தை எடுத்து வரச் சொல்வது போல, இவர் முதலில் அந்த 'ஐ அக்ரீ' பக்கத்தைக் கேட்பார். அதுவும் இன்றைய பக்கம் ஆகாது, நீங்கள் அமுக்கிய தேதியில் இருந்த பக்கம் வேண்டும். கம்பெனிகள் ராத்திரியோடு ராத்திரியாக விதிமுறையை மாற்றிவிடும். செகண்ட் லைஃபிலேயே 'உங்கள் நிலம், உங்கள் சொத்து' என்று ஆசை காட்டிய விளம்பரம் போய், 2010-க்குள் அது வெறும் பயன்படுத்தும் உரிமம் ஆகிவிட்டது. அடுத்து, எந்த வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனது என்று கேட்பார். அந்தக் கணக்கு எந்த ஊர்க் கிளையில் இருக்கிறது என்பார். சர்வர் சிங்கப்பூரில் இருக்கலாம், கம்பெனி கேமன் தீவில் இருக்கலாம். பணம் புறப்பட்ட ஊர்தான் பல நேரங்களில் வழக்குக்குக் கதவைத் திறக்கும். இதற்கு உள்ளூர் உதாரணமே இருக்கிறது, சற்றுப் பொறுங்கள்.

அமெரிக்க அரசு தூங்கிக்கொண்டா இருந்தது? 2008-லேயே வரி செலுத்துவோர் உரிமைக் காவலர் நீனா ஓல்சன் நாடாளுமன்றத்துக்குத் தந்த ஆண்டறிக்கையில், மாய உலக வருமானத்தைப் பற்றித் தெளிவான வழிகாட்டுதல் வேண்டும் என்று எழுதினார். 2014-ல் பிட்காயின் போன்றவை பணம் இல்லை, 'சொத்து' என்று வருமான வரித் துறை அறிவித்தது. அப்புறம் ஒரு கூத்து! துறையின் இணையப் பக்கத்தில் வரிக்கணக்கில் காட்ட வேண்டிய மெய்நிகர் பணத்துக்கு உதாரணமாக பிட்காயினோடு, பிள்ளைகள் விளையாடும் 'ஃபோர்ட்நைட்'டின் வி-பக்ஸும் 'ரோப்லாக்ஸ்' காசும் இடம்பிடித்துவிட்டன. 2020 பிப்ரவரியில் இது வெளிச்சத்துக்கு வர, சத்தமில்லாமல் அந்தப் பெயர்களை அழித்தார்கள். நாலாம் வகுப்புப் பையன் துப்பாக்கிக்கு நிறம் மாற்ற வாங்கிய காசுக்கு ரிட்டர்ன் கேட்டிருந்தால் நாடு என்ன ஆகியிருக்கும்!

கிழக்கே வாருங்கள். சீனாவில் 'ஹோங்யுவே' என்ற விளையாட்டில் ஓர் இளைஞர் பணமும் நேரமும் கொட்டிச் சேர்த்த ஆயுதங்களை எவனோ கணினி வழியாகத் திருடிவிட்டான். கம்பெனி கண்டுகொள்ளவில்லை. 2003 டிசம்பரில் பெய்ஜிங் கோர்ட், பொருட்களைத் திருப்பிக் கொடு என்று கம்பெனிக்கு உத்தரவிட்டது. ஆனால் 2005-ல் ஷாங்காயில் நடந்தது விபரீதம். ஒருவர் தன் விளையாட்டு வாளை நண்பருக்கு இரவல் கொடுத்தார். நண்பர் அதை 7,200 யுவானுக்கு விற்றுவிட்டார். போலீசுக்குப் போனால், மாயப் பொருளுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆத்திரத்தில் கொலையே நடந்தது. கொன்றவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட மரண தண்டனை. சட்டம் பேசாமல் இருந்த இடத்தில் கத்தி பேசியது. 2008-ல் அதே சீனா விளையாட்டுப் பணத்தை வாங்கி விற்கும் லாபத்துக்கு 20 சதவீத வரி என்று அறிவித்தது. 2021-ல் நடைமுறைக்கு வந்த அதன் சிவில் சட்டத் தொகுப்பில் 127-வது பிரிவு, இணைய மெய்நிகர் சொத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தென் கொரியாவில் 2012-ல் உச்ச நீதிமன்றம், விளையாட்டுப் பணமும் மதிப்புக்கூட்டு வரிக்கு உட்பட்ட சரக்கே என்றது.

எல்லாவற்றிலும் என்னை வாய் பிளக்க வைத்தது நெதர்லாந்து வழக்குதான். 2007-ல் லேவார்டன் நகரில் 13 வயதுச் சிறுவனை இரண்டு பையன்கள் அடித்து உதைத்து, கத்தியைக் காட்டி, 'ரூன்ஸ்கேப்' விளையாட்டுக்குள் நுழைய வைத்தார்கள். அவனிடம் இருந்த ஒரு தாயத்தையும் ஒரு முகமூடியையும் கீழே போட வைத்து, தங்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். பிடிபட்டதும் அவர்கள் வக்கீல் அடித்த பாயிண்ட் என்ன தெரியுமா? தாயத்து கண்ணுக்குத் தெரியும் பொருளே இல்லை, வெறும் எண்களின் கோவை, இல்லாததை எப்படித் திருட முடியும்? 2012 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அவன் அதற்காக நேரத்தையும் உழைப்பையும் கொட்டியிருக்கிறான், அது அவன் வசம் இருந்தது, பிடுங்கப்பட்டதும் அவன் வசம் இல்லை, ஆகவே திருட்டு திருட்டுதான்!

அந்த நீதிபதிகளுக்கு இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? ஒரு பல் மருத்துவரிடமிருந்து! தி ஹேக் நகரத்தில் அவர் மின்சார மீட்டரை ஓடவிடாமல் செய்து ஓசியில் விளக்கெரித்தார். மாட்டியதும், மின்சாரம் கையில் பிடிக்கும் பொருளா, அதை எப்படித் திருட முடியும் என்று கேட்டார். 1921-ல் அதே உச்ச நீதிமன்றம், திருடலாம் என்று தீர்ப்பளித்தது. 91 வருடம் கழித்து அந்த மீட்டர் வழக்கு ஒரு தாயத்தைக் காப்பாற்றியது.

இதே மின்சாரம் நம் நாட்டில் என்ன பாடு பட்டது தெரியுமா? 1960-களில் அவதார் சிங் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், மின்சாரத்தை எடுப்பது இந்தியத் தண்டனைச் சட்டத்தின்படி திருட்டு ஆகாது, மின்சாரச் சட்டத்தில் தனியாக ஒரு பிரிவு அப்படிச் சொல்வதால்தான் அது திருட்டாகிறது என்றது. சில வருடத்தில் மத்தியப் பிரதேச மின்வாரியத்தின் விற்பனை வரி வழக்கு வந்தது. அங்கே என்ன தீர்ப்பு? மின்சாரம் சரக்குதான், வரி போடலாம்! திருடனுக்கு அது பொருள் இல்லை, வரி அதிகாரிக்கு அது பொருள். அடடா!

தமிழ்நாட்டு லாட்டரிச் சீட்டும் இந்த வரிசையில் உண்டு. அந்தத் துண்டுக் காகிதத்துக்கு நம் அரசு விற்பனை வரி போட, வியாபாரிகள் டெல்லி வரை போனார்கள். 1985-ல் அன்ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சீட்டையே இரண்டாகக் கிழித்துப் பார்த்தது. குலுக்கலில் கலந்துகொள்ளும் உரிமை ஒன்று, பரிசு கேட்கும் உரிமை ஒன்று. முதலாவது சரக்கு, அதற்கு வரி உண்டு என்றது. 2006-ல் அரசியல் சாசன அமர்வு அதைத் தலைகீழாக்கி, இரண்டுமே சரக்கு இல்லை என்றது. அதற்குள் தமிழ்நாட்டில் லாட்டரியே ஒழிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது!

இப்போது பிட்காயின் போன்ற கிரிப்டோ காயின்களுக்கு வருவோம். 2022 பிப்ரவரி 1-ல் நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட்டில் 'மெய்நிகர் டிஜிட்டல் சொத்து' என்று ஒரு புதுப் பெயரைச் சூட்டினார். லாபத்தில் 30 சதவீத வரி. வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. அதைவிடக் கொடுமை, ஒரு காயினில் 1 லட்சம் லாபம், இன்னொன்றில் 1 லட்சம் நஷ்டம் என்றால் உங்கள் கையில் நிற்பது பூஜ்யம், ஆனால் வரி 30,000 ரூபாய், செஸ் சேர்த்தால் 31,200! நஷ்டத்தை அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. பங்குச் சந்தையில் கிடைக்கும் இந்தச் சலுகை கிரிப்டோவுக்கு ஏன் இல்லை என்று வரி வக்கீல்கள் அன்றிலிருந்து புலம்புகிறார்கள். புலம்பலில் நியாயம் இருக்கிறது என்றே எனக்கும் படுகிறது. 2022 ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீத டிடிஎஸ் பிடித்தம் வேறு. 2025-ல் இயற்றிய புதிய வருமான வரிச் சட்டமும் அந்த 30 சதவீதத்தைத் தொடவில்லை.

சட்டத்தில் கொடுத்த விளக்கத்தைக் கூர்ந்து படித்தீர்களானால் இன்னொரு வேடிக்கை. சங்கேதக் குறியீட்டு முறையில் 'அல்லது வேறு விதமாக' உருவான குறியீடு, எண், டோக்கன் என்று போட்டிருக்கிறார்கள். அந்த 'வேறு விதமாக'வுக்குள் எதைத்தான் திணிக்க முடியாது? விமான மைலேஜ் புள்ளியும் கடைப் பரிசுக் கூப்பனும்கூட மாட்டிக்கொள்ளும் என்று பயம் கிளம்ப, 2022 ஜூன் 30-ல் கிஃப்ட் கார்டு, மைலேஜ் புள்ளி, ரிவார்டு புள்ளி, செயலிச் சந்தா இவற்றுக்கு விலக்கு அளித்தார்கள். விளையாட்டு வாளுக்கும் தாயத்துக்கும் அந்தப் பட்டியலில் பெயர் இல்லை. இரண்டு சொல்லில் எத்தனை வக்கீல் குடும்பம் வாழப்போகிறது பாருங்கள்.

இத்தனை வரி வாங்கிய பிறகும் ஒரு கேள்வி தொங்கிக்கொண்டே இருந்தது. இது என் சொத்தா? பறிபோனால் எனக்கு யார்? பதில் வந்தது நம் சென்னையிலிருந்துதான், தெரியுமா!

சென்னையில் ஒரு பெண் 2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய் போட்டு வசீர்எக்ஸ் என்ற கிரிப்டோ சந்தைத் தளத்தில் 3,532.30 எக்ஸ்ஆர்பி காயின் வாங்கினார். அந்த ஜூலையில் தளத்தில் பெரிய இணையக் கொள்ளை. சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள வேறு வகை காயின்கள் காணாமல் போயின. உடனே எல்லாருடைய கணக்கும் முடக்கம். போன காயினோ வேறு, இவருடையது பத்திரமாக இருந்தது. ஆனால் நஷ்டத்தை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்று சிங்கப்பூரில் திட்டம் தயாரானது. என் நகை லாக்கரில் பத்திரமாக இருக்கும்போது பக்கத்து லாக்கர் களவுக்கு நான் ஏன் அழ வேண்டும் என்று அவர் உயர் நீதிமன்றம் போனார். நடுவர் தீர்ப்பாயம் சிங்கப்பூரில்தானே, சென்னையில் என்ன வேலை என்றது எதிர்த்தரப்பு. பணம் போனது சென்னையில் இருக்கும் வங்கிக் கணக்கிலிருந்து என்பது கை கொடுத்தது.

2025 அக்டோபர் 25-ல் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். கிரிப்டோ கண்ணுக்குத் தெரியும் பொருளும் இல்லை, நாணயமும் இல்லை. ஆனாலும் அது சொத்து. அனுபவிக்கலாம், உடைமையாக வைத்திருக்கலாம், மற்றவர் அதை நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கலாம். நியூசிலாந்தில் 2020-ல் வந்த கிரிப்டோபியா தீர்ப்பையும் எடுத்துப் பார்த்தார். நான் துள்ளிக் குதித்த இடம் வேறு. வரி போடுவதற்காக வருமான வரிச் சட்டம் கொடுத்த அந்த 'மெய்நிகர் டிஜிட்டல் சொத்து' விளக்கத்தையும் அவர் சேர்த்துக் காட்டியிருக்கிறார்! வரி பிடுங்க வைத்த பெயர், உரிமை கேட்டு வந்தவருக்குச் சாட்சி சொன்னது. பிரிட்டன் இதற்கென்றே 2025 டிசம்பரில் தனிச் சட்டம் நிறைவேற்றியது. நமக்கு இன்னும் அப்படிச் சொத்துச் சட்டம் இல்லை, வரிச் சட்டம் மட்டும்தான் இருக்கிறது. முதலில் வரி, அப்புறம் உரிமை என்பது முறையில்லை என்று நான் சொல்வேன். கேட்பார்தான் இல்லை.

சொத்து என்றால் வாரிசு வேண்டுமே? ஜெர்மனியில் 2012-ல் ரயிலில் அடிபட்டு இறந்த 15 வயதுப் பெண்ணின் ஃபேஸ்புக் கணக்கைப் பெற்றோர் திறக்க முடியாமல் ஆறு வருடம் அலைந்தார்கள். 2018 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கடிதமும் டைரியும் வாரிசுக்குப் போவது போல இதுவும் போகும் என்றது. நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுக் கையெழுத்தை ஏற்றுக்கொண்டது, ஆனால் உயிலை மட்டும் அதிலிருந்து விலக்கி வைத்தது. ஆக, காயின் முழுக்க முழுக்கக் கணினியில் இருந்தாலும், அதை யாருக்கு என்று எழுதும் உயில் காகிதத்தில்தான் இருக்க வேண்டும், இரண்டு சாட்சி கையெழுத்தோடு!

உங்களிடமோ உங்கள் பிள்ளையிடமோ ஒரு காயினோ டோக்கனோ இருந்தால் இதைச் செய்துவிடுங்கள். வாங்கிய தேதி, கொடுத்த விலை, விற்ற தேதி, பிடித்த டிடிஎஸ் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வருமான வரிப் படிவத்தில் இதற்கென்று இருக்கும் தனி அட்டவணை தேதிகளையும் விலையையும்தான் கேட்கும். பணம் போன வங்கி ஸ்டேட்மென்டை எடுத்து வையுங்கள். 'ஐ அக்ரீ' அமுக்கும் முன் அந்தப் பக்கத்தை முழுதாகச் சேமித்துக்கொள்ளுங்கள். நாளைக்குத் தகராறு வந்தால் வக்கீல் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.